டிராக்டர் டிரெய்லரில் எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

சித்திரை, வைகாசி மாதங்களில் கண்மாய்கள் வற்றியதும் விருதுநகர் மாவட்டத்தில் கரம்பை மண் அடிக்கும் வேலை சூடுபிடித்துவிடும். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளிலும், கிழக்கே காரியாபட்டி, திருச்சுழி வட்டாரங்களிலும் விடியும் முன்பே டிராக்டர்கள் கண்மாய்க்குள் இறங்கிவிடுகின்றன. மாட்டு வண்டி ஓடிய காலத்தில் மண்வெட்டியால் வெட்டி, கூடையில் சுமந்து வண்டியில் கொட்டினார்கள். ஏற்றும் ஆளின் தோளே பாரத்துக்கு அளவாக இருந்தது. இன்று பொக்லைன் இயந்திரம் சில நிமிடங்களில் டிரெய்லரை நிரப்பி, மேலே கூம்பாகவும் குவித்துவிடுகிறது. எடை எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. டிராக்டர் நகர்ந்தால் சரி, நகராவிட்டால் அரை வாளி மண்ணைத் தள்ளிவிட்டால் போயிற்று என்பதே நடைமுறையாக இருக்கிறது.

நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் டிராக்டர்கள் இப்போது பரவலாக வாங்கப்படுவதால் இந்த நடைமுறையின் ஆபத்து கூடியுள்ளது. பின்சக்கரங்களால் மட்டும் இழுக்கும் டிராக்டர், பாரம் மிகுந்தால் கண்மாய்க்குள்ளேயே சக்கரம் சுழன்று நின்றுவிடும். அது ஒரு வகையில் பாதுகாப்பு. நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டரோ அதே பாரத்தை இழுத்துக்கொண்டு கரையேறிவிடுகிறது. கரையின் மறுபுறச் சரிவில் அதனைத் தாங்கி நிறுத்தும் சக்தி அதற்கு அந்த அளவு கிடையாது. விபத்து நேருவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான்.

குதிரைச் சக்தியும் எடையும்

டிராக்டர் வாங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைச் சக்தி என்பது. டிரெய்லர் இழுப்பதைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்வி, டிராக்டர் எத்தனை கிலோ எடை என்பதாகும். குதிரைச் சக்தி என்பது ஒரு பாரத்தை எவ்வளவு வேகமாக இழுக்கலாம் என்பதைத்தான் முடிவு செய்கிறது. சக்கரம் வழுக்காமல் இழுப்பதற்கும், வழுக்காமல் நிறுத்துவதற்கும் டயர் தரையை அழுத்தும் எடையே ஆதாரம். 40 முதல் 45 குதிரைச் சக்தி உள்ள டிராக்டர் சுமார் 2 டன் எடை இருக்கும். நான்கு சக்கர இழுவை உள்ளதாயின் சில நூறு கிலோ கூடும். மிக முக்கியமாக, நம் ஊர்களில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டரின் பிரேக்கும் வழக்கமாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஆகவே டிராக்டரின் 2 டன்னைக் கொண்டுதான் பின்னால் வரும் அத்தனை டன்னையும் நிறுத்தியாக வேண்டும்.

பிரேக் இல்லாத டிரெய்லரும் அதன் பாரமும் சேர்ந்த மொத்த எடை, டிராக்டரின் எடையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது, வேகம் மணிக்கு 32 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலக அளவில் டிராக்டர் கையேடுகளில் பரவலாகக் கூறப்படுகிறது. இது நல்ல சாலைக்கான உச்ச அளவு. குண்டும் குழியுமான வண்டிப்பாதையிலும் சரிவிலும் இதைவிடக் குறைத்துக்கொள்ள வேண்டும். தத்தம் டிராக்டரின் கையேட்டில் இதைவிடக் குறைவான எடை குறிக்கப்பட்டிருந்தால் அதுவே அளவு. கையேட்டை வாங்கிய அன்றே பரண்மேல் போட்டுவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம்.

ஒரு கணக்கு

டிராக்டரின் எடை 2.1 டன் என்று கொள்வோம். ஒன்றரை மடங்கு என்பது 3.15 டன். காலி டிரெய்லர் 1.1 டன் எடை இருந்தால், பாரத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 2 டன்.

டிரெய்லரின் பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் அதன் கொள்ளளவு 120 கன அடி; அதாவது 1.2 யூனிட், அல்லது 3.4 கன மீட்டர். ஈரக் கரம்பை கன மீட்டருக்கு 1.7 டன் வரை எடை இருக்கும். பெட்டியை விளிம்புவரை நிரப்பினாலே 5.8 டன் ஆகிவிடுகிறது. கூம்பாகக் குவித்தால் கேட்கவே வேண்டாம். டிரெய்லரையும் சேர்த்து 6.9 டன். டிராக்டரின் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். பொக்லைனின் முன்வாளி ஒன்று சுமார் ஒரு கன மீட்டர் பிடிக்கும். ஈரக் கரம்பையில் அந்த ஒரு வாளியே ஒன்றே முக்கால் டன் எடை. அதாவது, மேலே சொன்ன டிராக்டருக்கு ஒரு வாளிக்குச் சற்றுக் கூடுதலாக ஏற்றினாலே போதிய பாரமாகிவிடுகிறது. நடப்பில் ஏற்றுவது மூன்று வாளிக்கு மேல்.

இனி நிறுத்தும் தூரத்தைப் பார்க்கலாம். காய்ந்த தார்ச்சாலையில், நல்ல பிரேக் உள்ள டிராக்டர் தனியாக மணிக்கு 25 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும். அதற்குள் 7 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபின் 6 மீட்டர். ஆக 13 மீட்டரில் நின்றுவிடும். 2 டன் பாரத்துடன் டிரெய்லரைக் கட்டினால் இது ஏறக்குறைய 22 மீட்டர் ஆகிறது. 5.8 டன் ஏற்றினால் 33 மீட்டர். சமதளத்தில் இப்படி.

சரிவில் நிலைமை வேறு. பத்தடிக்கு ஓரடி தாழும் இறக்கத்தில், 5.8 டன் மண்ணுடன் மொத்தம் 9 டன்னாக இறங்கும் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசையும், டிராக்டரின் பின்சக்கரப் பிரேக் தரக்கூடிய விசையும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகின்றன. பிரேக்கை முழுக்க மிதித்தாலும் வேகம் பெயரளவுக்கே குறையும். டயருக்கு அடியில் தூசியோ சரளையோ இருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டபடி வண்டி சறுக்கும். 2 டன் பாரத்தோடு மணிக்கு 15 கிலோ மீட்டர் வேகத்தில் இறங்கும் அதே டிராக்டர், பிரேக் பிடித்த 14 மீட்டரில் நின்றுவிடும். பல கண்மாய்க் கரைகளில் லாரியும் டிராக்டரும் ஏறி இறங்கித் தேய்த்த பாதைகள் பத்துக்கு ஒன்றைவிடச் செங்குத்தானவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இறக்கத்தில் ஓட்டும் முறை

எந்தக் கியரில் ஏற்றம் ஏறுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். கியரைச் சரிவு தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இடையில் மாற்ற முயன்று கியர் விழாமல் போனால், வண்டி கட்டற்று ஓடத் தொடங்கிவிடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், கிளட்சை மிதித்தபடி இறக்குவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டரில் செங்குத்தான இறக்கத்தில் அந்த இழுவையைப் போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. அப்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களோடு பிணைக்கப்படுவதால் பிரேக்கின் பிடி நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். சமமான தார்ச்சாலைக்கு வந்ததும் அதனை எடுத்துவிட வேண்டும். முன்சக்கரங்கள் சற்று வேகமாகச் சுழலும்படியே இவ்வகை டிராக்டர்கள் அமைக்கப்பட்டிருப்பதால், கெட்டியான சாலையில் முன் டயர்கள் விரைவில் தேய்ந்துவிடும். இறக்கத்தில் இப்படி உதவுகிறது என்பதற்காகப் பாரத்தைக் கூட்டிக்கொள்ள இடமில்லை. டிரெய்லருக்குப் பிரேக் இல்லாத குறை அப்படியேதான் இருக்கிறது.

வயலில் திருப்புவதற்காக இடது, வலது பிரேக் பெடல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். சாலையில் ஏறும் முன் இரண்டையும் கொக்கியால் இணைக்க மறக்கக்கூடாது. ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கும். பின்னால் வரும் டிரெய்லர் அதனைத் தள்ளி, இரண்டும் மடங்கி, டிராக்டர் கவிழும். இதற்குச் செலவு ஏதுமில்லை, ஒரு கொக்கியை மாட்டும் நேரம்தான்.

முன்பாரமும் பின்பாரமும்

வண்டி ஓட்டிய குடும்பங்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பது புதிதல்ல. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே விதிதான். அளவான முன்பாரம் டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பைத் தரும். மிகுந்தால் டிராக்டரின் முன்பக்கம் இலேசாகிவிடும். இணைப்புக் கொக்கி பின் அச்சுக்கு 80 சென்டி மீட்டர் பின்னால் இருக்கும் டிராக்டரில், கொக்கியின்மேல் ஒரு டன் அமர்ந்தால் முன்சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 400 கிலோ எடை விலகிவிடுகிறது. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் எப்போதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஸ்டியரிங் வழக்கத்தைவிட இலேசாகத் தோன்றுவதும், மேடு பள்ளத்தில் முன்சக்கரம் துள்ளுவதும் இதற்கான அறிகுறிகள். முன் எடைக் கட்டிகளைப் பொருத்துவது ஓரளவு உதவும். பாரத்தைப் பெட்டியின் முன்மூலையில் குவிக்காமல் அச்சின் இருபுறமும் பரப்பி ஏற்றுவதே சரியான வழி.

கொக்கியின் உயரமும் முக்கியம். டிரெய்லரை அதற்கென உள்ள இணைப்புக் கட்டையில்தான் மாட்ட வேண்டும். மேல் இணைப்புத் தண்டிலோ, ஹைட்ராலிக் கைகளை உயர்த்தி அவற்றிலோ சங்கிலி போட்டு இழுக்கும்போது, சக்கரம் புதைந்திருந்தால் டிராக்டர் பின் அச்சையே மையமாகக் கொண்டு பின்பக்கமாகப் புரண்டுவிடும். ஒன்றரை வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் ஓட்டுநர் குதிப்பதற்கும் நேரமிராது. கண்மாய்ச் சேற்றில் டிரெய்லர் புதைந்துவிட்டால் முதலில் பாரத்தை இறக்க வேண்டும். கொக்கி ஆணிக்குப் பதிலாகக் கிடைத்த கம்பியைச் செருகுவதும் கூடாது. உரிய ஆணியும் அது கழன்று விழாதபடி பூட்டூசியும் இருப்பதோடு, ஒரு காப்புச் சங்கிலியும் போட்டுவைத்தால் நல்லது.

நடைக்கூலி செய்யும் கேடு

அதிக பாரம் ஏற்றுவதற்கு ஓட்டுநரின் துணிச்சல் மட்டும் காரணமில்லை. வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. நிலத்துக்காரர் ஒரு நடையில் கூடுதல் மண் விழ வேண்டும் என்கிறார். டிராக்டர்காரரும் அதற்கு இணங்காவிட்டால் அடுத்தவருக்கு வேலை போய்விடும். நேர அளவில் வாடகை பேசினால் இந்த நெருக்கடி பெருமளவு குறையும். வேளாண்மைப் பொறியியல் துறை தன் டிராக்டர்களை மணிக்கணக்கில்தான் வாடகைக்கு விடுகிறது.

வண்டல் எடுக்க 2017ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட முறைப்படி புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டரும், நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டரும் உச்ச அளவு. 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம். 90 கன மீட்டரை, பெட்டி நிறைய ஏற்றினால் 27 நடையில் கொண்டுவந்துவிடலாம். ஈரக் கரம்பையை 2 டன் அளவில் ஏற்றினால் 77 நடை ஆகும். இந்த வித்தியாசம் சிறியதல்ல என்பது உண்மையே.

இதற்குச் சில வழிகள் உண்டு. கரம்பையை நன்றாகக் காயவிட்டு எடுத்தால் கன மீட்டருக்கு 1.2 டன் அளவுக்குக் குறையும். அதே 2 டன்னில் 1.67 கன மீட்டர் ஏறும். நடை 54 ஆகிவிடும். ஈரத்தோடு அள்ளுவது தண்ணீரைக் கூலி கொடுத்துச் சுமப்பதற்குச் சமம். இரண்டாவதாக, டிரெய்லருக்குப் பிரேக் பொருத்திக்கொள்ளலாம். டிராக்டரின் பிரேக்கோடு இணைந்து இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கும், டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும்போது தானே பிடிக்கும் பிரேக்கும் உண்டு. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்றரை மடங்கு என்ற கட்டுப்பாடு தளர்ந்து, பதிவுச் சான்றில் கண்ட பாரத்தை ஏற்ற முடியும். 3 டன் பாரத்துக்குப் பதிவான டிரெய்லரில் காய்ந்த கரம்பை 36 நடையில் முடிந்துவிடும். டிரெய்லரை வருடம் முழுதும் ஓட்டுபவர்கள் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுவே.

மூன்றாவதாக, 90 கன மீட்டர் என்பது அனுமதியின் உச்ச அளவேயன்றி, அவ்வளவும் அடித்தாக வேண்டும் என்ற பரிந்துரை அல்ல. ஈரம் நிற்காத செவல் நிலத்துக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் கரம்பை பெரிதும் உதவும். ஏற்கெனவே களிமண் மிகுந்த கரிசலில் மேலும் களியைக் கொண்டுபோய்க் கொட்டுவதால் பலன் குறைவு. மண்ணைப் பரிசோதித்துத் தேவையை அறிந்துகொண்டால் பல நடைகளை மிச்சப்படுத்தலாம்.

பெட்டியில் ஒரு கோடு

எடையை அறிய எளிய வழி எடைமேடை. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பகுதிகளில் லாரிகளுக்காக எடைமேடைகள் பல உள்ளன. ஒருமுறை டிராக்டரைத் தனியாகவும், காலி டிரெய்லரைத் தனியாகவும் எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பாரம் ஏற்றி, டிராக்டரும் டிரெய்லரும் சேர்த்து ஒரு முறையும், டிராக்டரை மட்டும் மேடையில் நிறுத்தி, டிரெய்லரைக் கழற்றாமல் ஒரு முறையும் எடை பார்க்கலாம். இரண்டாவதில் டிராக்டரின் சொந்த எடையைக் கழித்தால் மீதி, கொக்கியில் அமரும் முன்பாரம்.

அதன்பின் பெட்டியின் உட்புறத்தில் பெயின்டால் கோடு போட்டுவிட்டால் தினமும் எடைமேடைக்குப் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன 10 அடிக்கு 6 அடி பெட்டியில் 2 டன் என்பது ஈரக் கரம்பைக்கு 8 அங்குல உயரம், காய்ந்த கரம்பைக்கு ஓரடிக்குச் சற்றுக் குறைவு. மக்கிய தொழு உரமும், குவியலாகக் கொட்டிய நெல்லும் பெட்டி ஏறக்குறைய நிறையும் அளவு. ஆற்று மணலும் ஜல்லியும் ஈரக் கரம்பையை ஒட்டிய எடையே. பருத்தி, மிளகாய் வற்றல் போன்றவற்றில் எடை மிகாது. உயரம்தான் மிகும். மூட்டைகளைப் பெட்டிக்கு மேல் அடுக்கடுக்காக ஏற்றினால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே வண்டி பக்கவாட்டில் சாயும்.

தண்ணீர் டேங்கர்

சிவகாசி வட்டாரத்தில் விவசாய வேலை இல்லாத மாதங்களில் டிராக்டர்கள் தண்ணீர் டேங்கர் இழுக்கப் போய்விடுகின்றன. வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் தேவை குறைவதில்லை. 5,000 லிட்டர் தண்ணீர் என்பது 5 டன். டேங்கரின் எடை ஒரு டன்னுக்கு மேல். பிரேக் இல்லாமல் இதை இழுப்பதும் ஈரக் கரம்பையைக் குவித்து இழுப்பதும் ஒன்றுதான். அப்படியானால் பாதி நிரப்பலாமே என்று தோன்றும். பாதி நிரம்பிய டேங்கர் இன்னும் பொல்லாதது. பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் முன்னுக்குப் பாய்ந்து டிராக்டரை இடிக்கும். வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தால் இது குறையும். பெரிய டேங்கரைப் பாதி நிரப்புவதைவிடச் சிறிய டேங்கரை முழுக்க நிரப்பி ஓட்டுவது மேல். வாடகைக்குத் தண்ணீர் அடிப்பது விவசாயப் பயன்பாடு ஆகாது என்பதால், பதிவும் காப்பீடும் அதற்கு ஏற்றபடி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டாசும் அதற்கான மருந்துப் பொருள்களும் விவசாய டிரெய்லரில் ஏற்றக்கூடியவை அல்ல. அவற்றைக் கொண்டுசெல்ல 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தனியாக உள்ளன.

ஆள் ஏற்றுவது

டிரெய்லர் ஆட்களுக்கானது அல்ல. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் தெலங்கானாவின் யாதாத்ரி மாவட்டத்தில் வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் டிரெய்லர் கால்வாயில் கவிழ்ந்து 15 பேர் இறந்தனர். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்ததில் 26 உயிர்கள் போயின. களையெடுக்கவும், பருத்தி எடுக்கவும் ஆள் கிடைப்பது அரிதாகி, பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் நிலை இங்கும் உள்ளது. அதற்கு வேன் அல்லது ஆட்டோ பிடிப்பதே முறை. மட்கார்டில் உட்காரவைத்துக்கொண்டு வருவதும் இதே வகையைச் சேர்ந்தது.

காப்பீட்டை நம்பியும் பயனில்லை. விவசாயப் பயன்பாட்டுக்கெனக் காப்பீடு செய்த டிராக்டரின் டிரெய்லரில் காய்கறிச் சரக்கோடு பயணம் செய்தவர் இறந்த வழக்கில், காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தகைய நிலையில் இழப்பீட்டுச் சுமை டிராக்டர் உரிமையாளரின் தலையில் விழும். பதிவான அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால், 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகைப் பாரத்தை இறக்கிவைக்கும் செலவும் சேரும். பெட்டிக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்துக்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

மதுரை - கன்னியாகுமரி நான்கு வழிச்சாலையிலும், திருமங்கலம் - ராஜபாளையம் சாலையிலும் இரவில் டிரெய்லர் ஓட்டுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிகிறதா, பிரதிபலிப்புப் பட்டைகள் மண் படியாமல் துடைக்கப்பட்டுள்ளனவா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். கரம்பை அடித்த டிரெய்லரில் இந்தப் பட்டைகள் கண்ணுக்கே தெரியாதபடி மூடிப்போயிருப்பது வழக்கம்.

டிரெய்லருக்குப் பிரேக் பொருத்துவது, முன் எடைக் கட்டிகளின் அளவு, டிராக்டரை மணி வாடகைக்கு அமர்த்துவது ஆகியவை பற்றி அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். போகும்போது டிராக்டர், டிரெய்லர் இரண்டின் பதிவுச் சான்றுகளையும் எடைமேடைச் சீட்டையும் கொண்டுசெல்வது நல்லது.